நிற்கும் வித்தை

மனிதன் ஓடுவதற்குக் காரணங்கள் பல உண்டு. ரயில் புறப்படும் சமயத்தில் ஸ்டேஷன் வாசலில் வந்து இறங்கியவன் ஓடுகிறான். கடன் கொடுத்தவரைத் தெருக் கோடியில் கண்டவன் எதிர்த் திசையில் அதைவிட வேகமாக ஓடுகிறான். மொட்டை மாடியில் வடாம் உலர்த்தியிருக்கும்போது மழைத் துளி விழுந்தால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஓடுகிறார்கள். இவற்றிலெல்லாம் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால், விண்ணப்பம் எழுதிப் போட்டு, சீட்டுக் குலுக்கலில் தம் பெயர் விழ வேண்டுமே என்று இஷ்ட தெய்வத்தைப் பிரார்த்தித்து, பெயர் விழுந்த பிறகு பெருந்தொகை கட்டி, எண்ணாயிரம் மைலுக்கு அப்பால் சென்று, 26 மைல் 385 கஜம் ஓடிவிட்டுத் திரும்பி வருவதென்றால், அதன் நியாயம் சாமானியத்தில் விளங்குவதில்லை.

விளங்காவிட்டாலும், அவ்விதம் செல்கிறவர்கள் நம் நாட்டிலும் பெருகித்தான் வருகிறார்கள். நியூயார்க் நகரத்தில் நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் மாரத்தான் ஓட்டத்துக்கு எவ்வாறு ஆயத்தம் செய்து கொள்வது, பெட்டியில் என்னென்ன எடுத்து வைப்பது என்ற கேள்வி அத்தகைய நேயர்களுக்கு எழுவது இயல்பே. நம் அபிப்பிராயத்தில், எடுத்துச் செல்ல வேண்டியவை சொற்பம். விட்டுச் செல்ல வேண்டியவையே அதிகம். பல மாத காலம் ஓடிப் பழகியவர்களுக்குக் கடைசி நாட்களில் கற்க வேண்டிய வித்தை ஒன்றுதான் பாக்கியிருக்கிறது. அது நிற்கும் வித்தை.

முதலில் அந்தத் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 26 மைலோடு விட்டிருக்கலாமே, அதற்கு மேல் 385 கஜம் எங்கிருந்து வந்தது? 1908-ஆம் வருஷம் லண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. மாரத்தான் ஓட்டம் விண்ட்ஸர் கோட்டையின் புல்வெளியில் ஆரம்பமாகி, பந்தய அரங்கத்தில் அரச குடும்பத்தாருக்கென்று போடப்பட்டிருந்த ஆசனங்களுக்கு எதிரே முடிவடைந்தது. அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே ஓடிய தூரத்தை அளந்ததில் கிடைத்த கணக்குத்தான் இது. 1921-ல் அதையே உலகம் முழுவதற்கும் பொது அளவாக விதித்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் 1776-லும் நாம் 1947-லும் பிரிட்டிஷ் மகுடத்தினிடமிருந்து விடுதலை அடைந்துவிட்டோம். அந்த 385 கஜத்திலிருந்து மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் விடுதலை கிடைத்தபாடில்லை!

அதே 1908-ஆம் வருஷத்து ஓட்டத்தில் நமக்கு ஒரு பாடமும் கிடைத்தது. அரங்கத்துக்குள் முதலில் நுழைந்தவர் டொராண்டோ பியெத்ரி என்னும் இத்தாலியர். ஆனால், முன்னே சென்றவரைப் பிடிப்பதற்காகத் துரத்தியதில் அவருடைய சக்தி முழுவதும் வழியிலேயே செலவாகி விட்டிருந்தது. உள்ளே வந்ததும் திசை தவறி எதிர்ப்பக்கம் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். பார்த்துக் கொண்டிருந்த அதிகாரிகள் மனம் பொறுக்காமல் அவரைத் தாங்கிப் பிடித்து எல்லைக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். பிறர் உதவி பெற்ற குற்றத்துக்காக வெற்றி அவருக்கு இல்லை என்றாகி, பின்னால் வந்த ஜானி ஹேய்ஸ் என்னும் அமெரிக்கருக்குப் போயிற்று. இருபத்தாறு மைலும் ஓடியவனுக்குக் கையிருப்பு எதுவும் இல்லாவிட்டால், மீதமுள்ள 385 கஜமே போதும், அவனைக் கவிழ்ப்பதற்கு.

நியூயார்க் ஓட்டத்தின் பிறப்பு மிக எளிமையானது. 1970-ல் அந்நகரத்து நடுவிலுள்ள ஸென்ட்ரல் பார்க் என்னும் பெரிய தோட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். புறப்பட்டவர்கள் 127 பேர். ஓடி முடித்தவர்கள் 55 பேர். இப்போதோ 50,000-க்கு மேற்பட்டவர்கள் ஓடுகிறார்கள். தோட்டத்தை விட்டு ஓட்டம் வீதிக்கு வந்தது 1976-ல். அமெரிக்க சுதந்திரத்தின் 200-ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாடும் முகமாக, நகரத்தின் ஐந்து பிரிவுகளாகிய ஸ்டாடன் தீவு, புரூக்ளின், குவீன்ஸ், பிராங்க்ஸ், மான்ஹாட்டன் ஆகிய அனைத்தையும் தொட்டுச் செல்லும்படி பாதை வகுத்தார்கள். ஒரு வருஷத்துக்கென்று செய்த ஏற்பாடு ஜனங்களுக்குப் பிடித்துப் போகவே, அதுவே நிலைத்துவிட்டது.

இந்தப் பாதையில் சுதந்திரப் போரின் ஞாபகங்களுக்குக் குறைவில்லை. ஓட்டம் தொடங்கும் ஸ்டாடன் தீவில்தான் 1776-ஆம் வருஷம் பிரிட்டிஷ் படைகள் வந்து இறங்கின. சரிபாதித் தூரத்தில் குறுக்கிடும் பாலத்துக்குப் புலாஸ்கி பாலம் என்று பெயர். புலாஸ்கி என்பவர் போலந்து தேசத்து வீரர். அமெரிக்கர்களுக்காகப் போர் செய்து 1779-ல் உயிர் நீத்தவர். அந்நிய நாட்டான் ஒருவனுடைய தியாகத்தை நினைவுறுத்தும் பாலத்தின் மேல், பல அந்நிய நாட்டார் கூடி ஓடுவது பொருத்தமாகவே இருக்கிறது.

நிற்கும் வித்தைக்கு முதல் உதாரணத்தையும் இந்த ஓட்டத்தின் சரித்திரத்திலிருந்தே எடுத்துக் காட்டலாம். 1972-ல் அமெரிக்க விளையாட்டுச் சங்கத்தார், பெண்கள் ஆண்களுடன் சேர்ந்து புறப்படலாகாது என்று விதி செய்திருந்தார்கள். பத்து நிமிஷம் முன்னதாகப் பெண்கள் தனியே கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. குறித்த நேரத்தில் பெண்களுக்கான துப்பாக்கி வெடித்தது. புறப்பட வேண்டிய ஆறு பெண்களும் புறப்படவில்லை. கையில் அட்டைகளைப் பிடித்துக் கொண்டு புறப்படும் கோட்டிலேயே சாவதானமாக உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிஷம் கழித்து ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்ததும், எழுந்து அவர்களுடன் ஓடினார்கள். அந்தப் பத்து நிமிஷத்தையும் அவர்களுடைய கணக்கில் சேர்த்துத் தண்டித்தார்கள். ஆனால் விதிதான் நிலைக்கவில்லை. அந்த அறுவரில் ஒருவரான நீனா குஸிக் என்பவரே அவ்வருஷம் பெண்களில் முதலாவதாக வந்தார். உட்கார்ந்திருப்பதன் மகிமை சத்தியாக்கிரகம் நடத்திய தேசத்தாராகிய நமக்குப் புதிதல்ல. ஆயினும், ஓட்டப் பந்தயத்தில் உட்கார்ந்து ஜயித்தவர்கள் அவர்கள்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

* * *

இனி, பிரயாண ஆயத்தத்துக்கு வருவோம்.

மாரத்தானுக்குப் பழகுகிறவர்கள் சுமார் நான்கு மாத காலம் பழகுவார்கள். அதில் மிக நீண்ட ஓட்டம், சுமார் 20 மைல் வரை, ஓட்ட நாளுக்கு மூன்று வாரம் முந்தியே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வாரா வாரம் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் முறை. ஓடும்போது தேகம் பலப்படுவதில்லை. ஓடியதனால் ஏற்பட்ட சேதத்தை ஓய்வு நேரத்தில் சரிசெய்து கொள்ளும்போதுதான் பலப்படுகிறது. அந்த வேலைக்கு நாள் பிடிக்கும். ஆகவே, கடைசி வாரத்தில் ஓடும் நீண்ட ஓட்டத்தின் களைப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேரும். பலன் வந்து சேராது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு கண்விழித்துப் படித்த பையன், காலையில் கேள்வித் தாளைத் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்குவதைப் போன்றதுதான் இது.

இந்தக் குறைப்புக் காலத்தில் மனம் செய்யும் சேஷ்டைகள் கொஞ்ச நஞ்சமல்ல. இதுவரை இல்லாத முழங்கால் வலி தோன்றும். தொண்டை கரகரப்பதுபோல் இருக்கும். "பழகியதெல்லாம் மறந்து போயிற்றோ? ரகசியமாக ஒரு பத்து மைல் ஓடிப் பார்த்துவிடலாமா?" என்று சபலம் தட்டும். ஓடக் கூடாது. வீட்டிலுள்ளவர்கள் இந்த மூன்று வாரமும் இவர்களிடம் பொறுமை காட்டுவது தருமம்.

நியூயார்க் கடிகாரம் கோடைக் காலத்தில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. தேகத்தின் தூக்கமும் விழிப்பும் புதிய கடிகாரத்துக்குப் பழக, ஒரு மணி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கிடுவது வழக்கம். ஒரு வாரமாவது முன்னதாகச் செல்ல முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில்தான் அமெரிக்கர்கள் தங்கள் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவைக்கிறார்கள். ஓட்டத்துக்கு முந்திய இரவில் ஒரு மணி நேரம் இனாமாகக் கிடைக்கிறது! அந்த இரவில் தூக்கம் வருவது அரிதாகையால், இனாம் பெரும்பாலும் கூரையைப் பார்ப்பதிலேயே செலவாகும். அதனால் கேடு ஒன்றுமில்லை. அதற்கு முந்திய சில இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

ஓடுகிறவர்களின் நம்பர்ச் சீட்டை முன்னதாகவே நேரில் சென்று பெற்றுக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஓட்ட நாளன்று கொடுக்கமாட்டார்கள். மான்ஹாட்டனின் மேற்குக் கரையோரத்தில் ஜாவிட்ஸ் மண்டபம் என்னும் பிரம்மாண்டமான கண்ணாடிக் கட்டிடத்தில் இது நடக்கிறது. அங்கே பெரிய சந்தையே கூடியிருக்கும். புதிய பூட்ஸ், புதிய காலுறை, புதிய சட்டை, புதிய பானம், புதிய பசை. எல்லாம் நம்மை அழைக்கும். சட்டை வாங்கலாம், திரும்பி வந்து அணிந்து கொள்ளலாம். ஓட்டத்தன்று எதுவும் புதிதாக இருக்கலாகாது என்பது இவ்விஷயத்தில் அநுபவசாலிகள் அனைவரும் ஒருமனதாகச் சொல்லும் வாக்கு. 20 மைல் ஓடிப் பார்க்காத பூட்ஸின் குணம் 20-ஆவது மைலில்தான் தெரியவரும். அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

மற்றொரு சபலம் நகரம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நியூயார்க்கைச் சுற்றிப் பாராமல் இருப்பதா? பார்க்க வேண்டியதுதான், திங்கட்கிழமைக்குப் பிறகு! பொருட்காட்சி சாலைகளின் கல் தரையில் நாள் முழுவதும் நின்றும் நடந்தும் வந்த கால்கள், மறுநாள் ஓட்டத்துக்குப் பாதி செலவான கால்கள். குடும்பத்துடன் செல்கிறவர்கள், மற்றவர்களைச் சுற்றிப் பார்க்க அனுப்பிவிட்டு அறையில் காலை நீட்டிப் படுத்திருப்பது உத்தமம்.

ஆகாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் உண்ணும் மாவுச் சத்தைத் தேகம் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பாக மாற்றித் தசைகளிலும் ஈரலிலும் வைத்துக்கொள்கிறது. நிரம்பிய களஞ்சியத்தில் சுமார் 2,000 காலரி சக்தி இருக்கும். ஓடுகிறவனுக்கு மைலுக்குச் சுமார் 100 காலரி செலவு. கூட்டல் கழித்தல் தெரிந்த குழந்தையும் கணக்கைச் சொல்லிவிடும்: 20 மைலில் களஞ்சியம் காலி. இதைத்தான் "சுவர்" என்கிறார்கள் ஓட்டக்காரர்கள். கொழுப்பிலிருந்தும் தேகம் சக்தி எடுத்துக்கொள்கிறது. ஆனால் மெதுவாகத்தான் எடுக்கிறது. ஆகவே, கடைசி இரண்டு மூன்று நாட்களில் மாவுச் சத்தை அதிகமாகச் சேர்த்துக் கொள்வதும், ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை சர்க்கரைச் சத்தை உட்கொள்வதும் அவசியம். வெள்ளைக்காரர்கள் இதற்காகக் கோதுமைச் சேமியா வகைகளைத் தட்டுத் தட்டாக உண்கிறார்கள். சோறு உண்டு வளர்ந்தவர்களுக்குச் சோறே போதும். முதல் நாள் இரவில் காரமும் நெய்யும் குறைத்து, நேரத்தோடு உண்டு எழுவது நல்லது. விருந்து என்பது ஓட்டத்துக்குப் பிறகு.

* * *

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்தாக வேண்டும். ஓட்டம் தொடங்கும் ஸ்டாடன் தீவுக்கு, மான்ஹாட்டனின் தென்முனையிலிருந்து "பெர்ரி" என்று வழங்கும் பெரிய படகு செல்கிறது. பிரயாணம் சுமார் 25 நிமிஷம், கட்டணமில்லை. வழியில் சுதந்திர தேவியின் சிலையைத் தரிசிக்கலாம். இந்தப் பிரயாணத்தில் அவசரத்துக்கு இடமில்லை. ஆயிரக்கணக்கானவர்களைத் தீவுக்குக் கொண்டு சேர்க்க வேண்டியிருப்பதாலும், பாலத்தைப் போக்குவரத்துக்கு அடைத்துவிடுவதாலும், ஓட்டக்காரர்கள் பல மணி நேரம் முந்தியே அங்கே சென்று காத்திருக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பே அநேகருக்கு ஓட்டத்தைவிடப் பெரிய சோதனை. நவம்பர் மாதக் காலை வேளை, கடலிலிருந்து காற்று. சென்னைக் கடற்கரையில் வியர்வை வழிய ஓடிப் பழகிய தேகம் அங்கே வெடவெடவென்று நடுங்கும். நடுங்குவதும் சக்தியைச் செலவு செய்வதே. ஆகவே, திரும்பக் கிடைக்க வேண்டாம் என்று மனம் தேறிய பழைய கம்பளிச் சட்டை ஒன்றும், கால்சட்டை ஒன்றும், தலைக்குக் குல்லா ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். கீழே விரித்து உட்கார ஒரு பிளாஸ்டிக் தாளும் இருக்கட்டும். புறப்படும் நேரத்தில் மேலாடைகளைக் கழற்றி அங்கேயே போட்டுவிடுகிறார்கள். அவற்றைச் சேகரித்துத் தர்ம காரியங்களுக்கு அனுப்புகிறார்கள். நம்முடைய பழைய ஸ்வெட்டர் நியூயார்க் ஏழை ஒருவரின் குளிரைப் போக்குமானால், அதற்கும் ஒரு மாரத்தான் முடிந்த புண்ணியம் கிட்டாமற் போகாது.

பிறகு பீரங்கி முழங்குகிறது. முதல் மைல் வெரஸானோ பாலத்தின் மேல். 1964-ல் திறக்கப்பட்ட இந்தத் தொங்கு பாலத்தின் நடு இடைவெளி 4,260 அடி. 1981 வரையில் உலகத்துத் தொங்கு பாலங்களில் இதுவே மிக நீண்ட இடைவெளியுடையதாக இருந்தது. பாலம் முதல் பாதியில் மேலே ஏறுகிறது. பாதை முழுவதிலும் இதைவிடப் பெரிய ஏற்றம் வேறில்லை. ஆனால் யாருக்கும் அது தெரிவதில்லை! மாதக் கணக்காய்ச் சேமித்த கால்கள். முன்னும் பின்னும் ஜன சமுத்திரம். தூரத்தில் மான்ஹாட்டனின் கோபுரங்கள். உத்ஸாகத்தில் ஏற்றமே இறக்கம் போல் தோன்றுகிறது. இந்த ஒரு மைலில் மனத்தை அடக்கிக்கொண்டு, பிறர் தாண்டிப் போவதைப் பார்த்துப் புன்னகை செய்யத் தெரிந்தவர்களுக்கு, கடைசி ஐந்து மைலில் அதே பிறரைத் தாண்டிச் செல்லும் சந்தர்ப்பம் கிடைக்கும்.

பாலத்தைக் கடந்தால் புரூக்ளின். சாலையின் இரு பக்கமும் ஜனங்கள் நின்று, முன்பின் தெரியாதவர்களை, சட்டையில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துப் பெயர் சொல்லி உத்ஸாகப்படுத்துகிறார்கள். பெரிய எழுத்தில் பெயரைப் பொறித்துக்கொண்டு செல்வது நல்லது. நம் பெயரை அவர்கள் உச்சரிக்கும் விதத்தைக் கேட்டு இரண்டு மைல் தூரம் சிரித்துக் கொண்டே ஓடலாம்.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறோம். ஏறத்தாழ மைலுக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் வருகிறது. உஷ்ண தேசத்தாராகிய நமக்கு, எவ்வளவு குடித்தாலும் நல்லதே என்ற எண்ணம் இருக்கிறது. அது அபாயகரமான எண்ணம். வியர்வையில் வெளியேறுவதைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே போனால், இரத்தத்திலுள்ள உப்புச் சத்து நீர்த்துப் போய், மூளை வீங்குகிறது. தலைவலி, வாந்தி, புத்தித் தடுமாற்றம், வலிப்பு, முடிவில் மரணம் என்று அது முற்றுகிறது. 2002-ல் பாஸ்டன் நகரத்து மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேருடைய இரத்தத்தை வைத்தியர்கள் சோதித்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்புச் சத்து அளவுக்குக் குறைந்திருந்தது. அதே ஓட்டத்தில் இளம் பெண் ஒருவர் இந்த வியாதியாலேயே உயிர் துறந்தார். வேகமாக ஓடுகிறவர்களைவிட, நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டு பந்தலுக்குப் பந்தல் நின்று குடிக்கிறவர்களுக்கே இந்த அபாயம் அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். தாகம் எடுத்தால் குடிக்க வேண்டும். தாகமில்லாவிட்டால் பந்தலைக் கடந்து போய்விட வேண்டும். வலி தெரியாமல் இருப்பதற்காக மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓடுவதும் கூடாது. அவற்றுள் பல சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியவை.

பாதித் தூரத்தில் புலாஸ்கி பாலத்தையும், பதினைந்தாவது மைல் முடிந்ததும் குவீன்ஸ்பரோ பாலத்தையும் கடக்க வேண்டும். இப்பாலத்தின் கீழ்த் தளத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள் யாரும் இல்லை. அதுவரை காதைத் துளைத்த ஆரவாரம் நின்று, ஆயிரக்கணக்கான கால்களின் ஓசையும் மூச்சின் ஓசையும் மட்டும் கேட்கின்றன. அந்த மௌனத்திலிருந்து இறங்கி மான்ஹாட்டனின் முதலாவது அவெனியூவில் திரும்பியதும், அகன்ற வீதியின் இரு புறமும் ஜனங்கள் எழுப்பும் கோஷம் அலை போல் வந்து மோதுகிறது. இங்கே ஏமாந்தவர்கள் கணக்கிலடங்கார். கோஷத்தின் போதையில் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். மூன்று மைல் கழித்துப் பிராங்க்ஸுக்குச் செல்லும் வில்லிஸ் அவெனியூ பாலம் வருகிறது. அது சரியாக 20-ஆவது மைல். நாம் முன்பு கணக்குப் பார்த்த களஞ்சியம் காலியாகும் இடமும் அதுவே. ஜனங்களின் கைதட்டலை வாங்கிக்கொள்ளலாம். வேகத்தை அவர்களிடம் ஒப்படைக்கலாகாது.

பிறகு மீண்டும் மான்ஹாட்டன், ஐந்தாவது அவெனியூவில் தோட்டத்தை ஒட்டி நெடுக ஓர் ஏற்றம், தோட்டத்துக்குள் திருப்பம், முடிவில் இங்கிலாந்து அரச குடும்பத்தின் உபயமான அந்த 385 கஜம். கோட்டைத் தாண்டியதும் நின்றுவிட வேண்டும் என்று தோன்றும். நிற்கும் வித்தையில் கடைசிப் பாடம், திடீரென்று நிற்கலாகாது என்பதே. ஓடும்போது கால்களின் தசைகள் இரத்தத்தை மேலே இருதயத்துக்குத் தள்ளிக் கொண்டிருக்கின்றன. சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். மயங்கி விழுவதும் உண்டு. போர்த்தக் கொடுப்பதை வாங்கிப் போர்த்திக்கொண்டு, மெதுவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

வழியில் மார்பில் வலியோ, தலைச் சுற்றலோ, புத்தி மயக்கமோ கண்டால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை விட்டு, வழி நெடுகிலும் உள்ள வைத்தியக் கூடாரங்களில் ஒன்றுக்குச் செல்ல வேண்டும். எட்டாயிரம் மைல் வந்துவிட்டு எப்படி விடுவது என்று கேட்கலாம். அந்த எட்டாயிரம் மைலைத் திரும்பிப் போகவும் வேண்டுமல்லவா?

* * *

கெடிகாரத்தில் எவ்வளவு நிமிஷம் குறைத்தோம் என்பதே ஓட்டத்தின் பெருமை என்று நினைக்கிறவர்களுக்கு, இரண்டு வரலாறுகளைச் சொல்லி முடிப்போம்.

நார்வே தேசத்துக் கிரேதே வைட்ஸ் என்னும் பெண்மணி, 1978 முதல் 1988 வரையில் நியூயார்க் ஓட்டத்தில் ஒன்பது முறை வென்றவர். 1978-ல் அங்கே அவர் ஓடியதே முதல் மாரத்தான். அதிலேயே 2 மணி 32 நிமிஷம் 30 விநாடியில் ஓடிப் பெண்களின் உலகச் சாதனையை மாற்றி எழுதினார். இந்த ஓட்டத்தை வளர்த்து உலகப் பிரசித்தமாக்கியவர் பிரெட் லெபோ. ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறியவர். ஓட்டத்தை நடத்தும் பொறுப்பிலேயே இருந்தபடியால், ஐந்து பிரிவுகளையும் சுற்றிவரும் அந்தப் பாதையில் அவர் ஒரு தரமும் ஓடியதில்லை. மூளையில் புற்றுநோய் கண்ட பின், தம் அறுபதாவது வயதில், 1992-ல் ஓடத் தீர்மானித்தார். அவருக்குத் துணையாக வைட்ஸ் அம்மையாரும் ஓடினார். வாயு வேகத்தில் செல்லக் கூடிய கால்களை அடக்கி, நோயுற்ற நண்பரின் அடிக்கு அடி தம் அடியை வைத்து, 5 மணி 32 நிமிஷத்துக்கு மேல் ஓடி, இருவருமாகக் கோட்டைத் தாண்டினார்கள். அந்த ஒன்பது வெற்றிகளுக்கும் இந்தத் தாமதம் சிறிதும் தாழ்ந்ததல்ல. லெபோ 1994-ல் காலமானார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கும் அவருடைய சிலை ஸென்ட்ரல் பார்க்கில் இருக்கிறது. ஓட்டத்தின்போது அதை எல்லைக் கோட்டருகே கொண்டுவந்து வைப்பது வழக்கம்.

மற்றொன்று 2012-ஆம் வருஷத்து வரலாறு. அக்டோபர் 29-ந் தேதி ஸாண்டி என்னும் பெரும் புயல் நியூயார்க்கைத் தாக்கிற்று. கடல் ஊருக்குள் புகுந்தது. ஓட்டம் தொடங்கும் ஸ்டாடன் தீவில்தான் உயிர்ச் சேதம் மிக அதிகம். லக்ஷக்கணக்கானவர்கள் மின்சாரமின்றி இருளில் கிடந்தார்கள். ஓட்டம் குறித்தபடி நடக்கும் என்றே நகரத் தலைவர் முதலில் அறிவித்தார். இறந்தவர்களை இன்னும் தேடிக் கொண்டிருக்கும் தீவில் பந்தயமா, வீடுகளுக்கு இல்லாத மின்சார யந்திரங்கள் ஓட்டத்துக்கா என்று ஜனங்கள் கொதித்தார்கள். இரண்டே நாள் பாக்கி இருக்கையில், நவம்பர் 2-ந் தேதி வெள்ளிக்கிழமை மாலை, ஓட்டம் ரத்து செய்யப்பட்டது.

அதற்குள் பல தேசங்களிலிருந்து ஓட்டக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். மாதக் கணக்கான உழைப்பு, சேர்த்துவைத்த பணம், விடுமுறை எல்லாம் ஒரே அறிவிப்பில் போயிற்று. பலர் வருந்தினார்கள், சிலர் கோபித்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓடுவதற்கு அணிந்திருக்க வேண்டிய சட்டையோடு நூற்றுக்கணக்கானவர்கள் அதே பெர்ரிப் படகில் ஏறி அதே தீவுக்குச் சென்றார்கள். முதுகுப் பைகளில் போர்வைகளும் உணவுப் பொருள்களும் மருந்துகளும் இருந்தன. வீடு வீடாகச் சென்று அவற்றைக் கொடுத்தார்கள். வெள்ளம் புகுந்த வீடுகளிலிருந்து சேற்றையும் குப்பையையும் அகற்றினார்கள். நான்கு மாத காலம் அவர்கள் வளர்த்திருந்த மூச்சும் தசையும் அன்று வீண் போகவில்லை.

ஒரு பெரிய நகரம் தன் பாலங்களையும் வீதிகளையும் ஒரு நாள் முழுவதும் சாமானியர்களுக்கு ஒழித்துக் கொடுக்கிறது. கொடுக்கிறவர்களுக்கு அதைத் திரும்பக் கேட்கும் உரிமையும் உண்டு. இதை அறிந்து செல்கிறவர்களே நல்ல விருந்தாளிகள்.

ஆகவே, பெட்டி கட்டும் நேயர்களே! பழகிய பூட்ஸ், நம்பர்ச் சீட்டுக்குப் பாஸ்போர்ட், ஊக்குகள், உராய்வுக்கு வாஸலின், தானம் செய்வதற்குப் பழைய ஸ்வெட்டர் ஆகிய இவ்வளவும் போதும். ஓடி முடித்துத் திரும்பியதும் சில நாட்களுக்கு மாடிப்படியில் பின்புறமாகத்தான் இறங்க முடியும். அதைக் கண்டு வீட்டுக் குழந்தைகள் சிரித்தால் சிரிக்கட்டும். அவர்களுக்கு அந்த 385 கஜத்தின் கதையைச் சொல்லுங்கள்.